மலைப் புகையிரதமும் நிழற்படக் கலையும்

மலையும் புகையிரதமும் ஒருங்கே அமைந்த நிழற்படம் ஒன்றைக் கண்டால் ஒரு கணமேனும் நின்று நோக்காதவர் அரியர். பச்சைச் சரிவின் நடுவே ஒரு கோடு. அக்கோட்டின்மேல் ஊர்ந்து செல்லும் பெட்டிகள். அவற்றின் பின்னே முகில் படிந்த சிகரம். இலங்கையைப் பற்றி அச்சாகும் பயண நூல்களிலும் நாட்காட்டிகளிலும் இக்காட்சி மீண்டும் மீண்டும் இடம்பெறுவதை யாவரும் அறிவர். இத்தகைய படங்கள் எவ்வாறு எடுக்கப்படுகின்றன, அவற்றில் எது காட்டப்படுகின்றது, எது விடுபட்டுப் போகின்றது என்பவை சிந்திக்கத்தக்கன.

மலைநாட்டில் எல்லா ஊர்களுக்கும் புகையிரதம் செல்வதில்லை. நோட்டன் பிரிட்ஜ் அதற்கு நல்ல சான்று. கெஹெல்கமு ஓயாவின் பள்ளத்தாக்கில் அமைந்த இவ்வூருக்குப் பெயர் தேடித் தந்தவை அணையும் மின்நிலையமுமே. 1950ஆம் ஆண்டில் லக்சபான மின்திட்டத்தின் முதற்கட்டம் நிறைவுற்றபோது, நோட்டன் அணை தேக்கிய நீரே அதன் சுழலிகளை இயக்கியது. 1965ஆம் ஆண்டில் காசல்ரீ நீர்த்தேக்கமும், இலங்கை நீர்மின் துறையின் முன்னோடியான பொறியியலாளர் விமலசுரேந்திரவின் பெயர் தாங்கிய மின்நிலையமும் அதனோடு சேர்ந்தன. ஆயினும் நோட்டன் பிரிட்ஜ் மக்கள் கோச்சி ஏற வேண்டுமாயின், மலைமுதுகைக் கடந்து அப்பால் செல்லவேண்டும். காரணம் எளிது. நோட்டன் பிரிட்ஜின் நீர் களனி கங்கையைச் சேர்வது; புகையிரதப் பாதையோ நாவலப்பிட்டியிலிருந்து மகாவலியின் கிளையாறுகளைத் தொடர்ந்து ஏறுவது. இவ்விரண்டு படுகைகளும் பிரியும் மேட்டில் ஹற்றன் நகரம் நிற்கின்றது. ஒரு பள்ளத்தாக்கு மின்சாரத்துக்குப் பயன்பட்டது. மறுபள்ளத்தாக்கு புகையிரதத்துக்குப் பயன்பட்டது. மலையில் படம் பிடிக்க விரும்புவோன் முதலில் அறியவேண்டுவது நில அமைப்பே என்பதற்கு இதனினும் தெளிவான பாடம் வேண்டியதில்லை.

அந்நில அமைப்பே பாதையின் உருவத்தையும் வகுத்தது. 1867ஆம் ஆண்டில் கண்டியை அடைந்த புகையிரதம் 1874இல் நாவலப்பிட்டிக்கும், 1884இல் ஹற்றனுக்கும், 1885இல் நானுஓயாவுக்கும் ஏறியது. பதுளையை அது அடைந்தது 1924ஆம் ஆண்டிலேயே. நாவலப்பிட்டி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 அடி உயரத்தில் உள்ளது. ஹற்றன் 4,100 அடிக்கு மேல். பட்டிப்பொலவுக்கு அருகே பாதை 6,200 அடியையும் கடக்கின்றது. ஐந்தடி ஆறங்குல அகலமுள்ள தண்டவாளத்தை இத்தகைய உயரத்துக்குப் பற்சக்கரத்தின் துணையின்றி ஏற்றுவது எளிய செயலன்று. நாற்பத்து நான்கு அடி முன்னேறினால் ஓரடி உயரும் சரிவையே பொறியியலாளர் எல்லையாகக் கொண்டனர். அதற்கேற்ப மலையின் மடிப்புகள் ஒவ்வொன்றினுள்ளும் பாதை புகுந்து வெளிவர வேண்டியதாயிற்று. வளைவுகள் சில, ஆரம் 330 அடிக்கு மேற்படாத அளவுக்கு இறுக்கமானவை. கடைசிப் பெட்டியில் அமர்ந்திருப்பவர் தம் வண்டியின் எஞ்சினையே சாளரத்தின் வழியாகக் காண்பதும், ஹற்றனுக்கும் கொட்டகலைக்கும் இடையே சிங்கமலைச் சுரங்கத்தின் இருளுள் நெடுந்தூரம் செல்வதும் இதன் விளைவே. படத்தில் அழகாகத் தோன்றும் வளைவு ஒவ்வொன்றும், மலையோடு பொருதுவதைத் தவிர்த்து மலைக்கு இணங்கிச் சென்ற ஒரு கணக்கின் விடையாகும்.

இப்பாதை படத்திற்கு உரியதென்பதை மிகப் பழைய நிழற்படக் கலைஞரே உணர்ந்திருந்தனர். கொழும்பின் ஸ்கீன் நிறுவனமும், கண்டியில் தொழில் நடத்திய ஸ்கோவென் என்பாரும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடுகண்ணாவை ஏற்றத்தைப் படம் பிடித்தனர். செங்குத்தான பாறையின் விளிம்பில் பாதை ஒட்டிச் செல்லும் இடம் அவர்களுக்கு மிக விருப்பமானது. அக்காலத்துக் கமராவின் இயல்பை அறிந்தால் அவர்களுடைய உழைப்பின் அளவு விளங்கும். கண்ணாடித் தகட்டில் மருந்தைப் பூசி, அது உலர்வதற்குள், அஃதாவது சில நிமிடங்களுக்குள், படத்தை எடுத்து இருட்டுக் கூடாரத்தில் கழுவியாகவேண்டும். ஒளி பதிவதற்குச் சில விநாடிகள் தேவைப்பட்டன. ஆகவே ஓடும் வண்டியைப் பிடித்தல் இயலாது. நின்ற வண்டியோ வெறும் பாதையோதான் படமாயிற்று. பச்சை நிறத்தை அம்மருந்து எளிதில் உணராது. எனவே அடர்ந்த செடிகள் கருமையாகவும், வானம் வெறும் வெண்மையாகவும் பதிந்தன. இன்று நாம் பழமையின் கம்பீரம் என்று போற்றும் அத்தோற்றம் ஓரளவுக்கு மருந்தின் குறைபாட்டால் விளைந்ததே.

இங்கே மற்றொரு செய்தி நினைவுகூரத்தக்கது. உலக நிழற்பட வரலாற்றில் பெரும் புகழ் பெற்ற ஜூலியா மார்கரெட் கமரோன் என்னும் அம்மையார் 1875ஆம் ஆண்டில் இங்கிலாந்தை விட்டு இலங்கைக்கு வந்தார். நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே உள்ள டிக்கோயாப் பள்ளத்தாக்கிலே, 1879ஆம் ஆண்டு சனவரியில் அவர் காலமானார். அவருடைய கல்லறை பொகவந்தலாவையில் உள்ள தேவாலயத்தில் இருக்கின்றது. அவ்வேளையில் புகையிரதப் பாதை நாவலப்பிட்டியோடு நின்றிருந்தது. ஹற்றனுக்கு அது வர இன்னும் ஐந்தாண்டுகள் இருந்தன. இலங்கையில் அம்மையார் எடுத்த படங்களுள் எஞ்சியவை சிலவே. அவற்றில் மலையோ அருவியோ முதலிடம் பெறவில்லை. தோட்டங்களில் உழைத்த தமிழரின் முகங்களையே அவர் பெரிதும் நாடினார். வண்டி வருமுன்னரே இம்மலையில் கமரா மனித முகத்தை நோக்கியது என்பது கருதத்தக்கது. வண்டி வந்த பின்னர் அந்நோக்கு பெரும்பாலும் மாறிவிட்டது.

வேகமான தகடுகளும் படச்சுருளும் வந்தபின் ஓடும் வண்டியைப் பிடித்தல் கைகூடிற்று. நீராவி எஞ்சின்களின் காலத்தில் புகையே படத்தின் உயிர். ரம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவைக்கு ஏறும் வண்டிகளுக்கு முன்னொன்றும் பின்னொன்றுமாக இரண்டு எஞ்சின்களைப் பூட்டுவதுண்டு. அவற்றின் இரு புகைத்தூண்களும் மலைச்சரிவில் எழும் காட்சி காண்போரைக் கவர்ந்தது. ஒரே கொதிகலனின் இருபுறமும் இயந்திரங்கள் அமைந்த கரற் வகை எஞ்சின்களும் மலைப்பாதைக்கென்று தருவிக்கப்பட்டன. 1954ஆம் ஆண்டில் கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடாவிலிருந்து டீசல் எஞ்சின்கள் வந்தன. கனடிய மாகாணங்களின் பெயர்கள் அவற்றுக்குச் சூட்டப்பட்டன. புகை குறைந்தது, படம் பிடிப்போர் வேறு துணையைத் தேடலாயினர். அத்துணை மலைநாட்டின் முகிலும் ஒளியுமே.

அவ்விரண்டும் பருவத்துக்குக் கட்டுப்பட்டவை. தென்மேற்குப் பருவக்காற்று மே மாதம் முதல் செப்டெம்பர் வரை மேற்குச் சரிவுகளை நனைக்கின்றது. வட்டவளைப் பகுதியில் ஆண்டுக்குப் பெய்யும் மழை 5,000 மில்லிமீற்றரைத் தாண்டுவதுண்டு. அக்காலத்தில் கலபொடை, வட்டவளை, ரொசல்ல ஆகிய நிலையங்களை அடுத்த மலைகள் நாட்கணக்கில் முகிலுள் மறைந்திருக்கும். அதே வேளையில் மலையின் மறுபுறத்தே ஊவாவில் வெயில் எறித்துக் காற்று வீசும். சனவரி முதல் மார்ச் வரை மேற்குச் சரிவு தெளிந்து, சிவனொளிபாதமலையின் கூம்பு காலையில் துலங்கும். ஆகவே ஹற்றன் பக்கத்தில் படம் பிடிக்க விரும்புவோன் ஆண்டின் தொடக்கத்தையும், தெமோதரையின் ஒன்பது வளைவுப் பாலத்தை நாடுவோன் ஆண்டின் நடுப்பகுதியையும் தேர்வது அறிவுடைமை. நாளிலும் இவ்வாறே. கொழும்பிலிருந்து காலையில் புறப்படும் வண்டி ஹற்றனுக்கு வந்துசேரும் வேளை உச்சிப்பொழுதை ஒட்டியதாகையால், நிழல் குறுகி ஒளி கடுமையாய் இருக்கும். பிற்பகலிலோ பள்ளத்தாக்கிலிருந்து முகில் எழுந்து வரும். இவ்விரண்டுக்கும் இடையே முகில் விலகி ஒளி வழியும் சில நிமிடங்களே கலைஞனுக்கு உரியவை. வண்டி தாமதித்தால் அந்நிமிடங்களும் கழிந்துவிடும்.

நுட்பங்களும் சில உண்டு. மணிக்கு முப்பது கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் எட்டு மீற்றருக்கு மேல் நகர்கின்றது. பக்கவாட்டில் நின்று, விநாடியின் இருநூற்றைம்பதில் ஒரு பங்கு நேரம் கமராவைத் திறந்தாலும், அதற்குள் வண்டி மூன்று சென்ரிமீற்றர் தூரம் சென்றுவிடும். வளைவின் வெளிப்புறத்தே சற்றுத் தொலைவில், வண்டி எதிர்நோக்கி வரும் கோணத்தில் நின்றால் இவ்வசைவு படத்தில் மிகக் குறைவாகவே தெரியும். எதிர்மலையின் தேயிலைச் சரிவில் ஏறி நின்றால், வண்டியோடு பள்ளமும் சிகரமும் ஒருங்கே அடங்கும். வண்டி படத்தில் சிறிதாகத் தோன்றுவதைக் கண்டு வருந்த வேண்டியதில்லை. மலையின் பெருமையை அளக்க அச்சிறு வண்டியே அளவுகோலாகின்றது.

இவ்வுண்மையை உணராதாரே ஆபத்தை நாடுகின்றனர். தண்டவாளத்தின் நடுவே நின்று வரும் வண்டியைப் பிடிப்பதும், மிதிபலகையில் தொங்கியவாறு தம்மைத் தாமே கைபேசியில் படம் பிடிப்பதும் இந்நாளில் பெருகிவிட்டன. மலைப்பாதையில் பாறையும் சுரங்கத்தின் வாயும் பெட்டியின் ஓரத்திலிருந்து ஒரு கையளவு தூரத்தில் வந்து மறையும். அவ்வாறு மோதியும் விழுந்தும் உயிரிழந்தோர் உண்டு, உறுப்பிழந்தோரும் உண்டு. பாதையில் அத்துமீறி நடத்தல் சட்டப்படி குற்றமுமாகும். அதைவிட ஒன்று எண்ணத்தக்கது. தண்டவாளத்தின்மேல் ஒருவன் நிற்கக் கண்ட சாரதி, சரிவில் இறங்கும் பாரமான வண்டியை உடனே நிறுத்த இயலாது. நேரும் மரணத்தின் சுமையை அவரும் வாழ்நாள் முழுதும் தாங்கவேண்டியவராகின்றார். எந்தப் படமும் அதற்கு ஈடாகாது.

மேனாட்டுக் கலைஞர் ஒருவரின் முயற்சி இங்கே ஒப்பிடத்தக்கது. அமெரிக்காவில் ஓ. வின்ஸ்டன் லிங்க் என்பார், நோர்போக் அன்ட் வெஸ்டர்ன் என்னும் புகையிரத நிறுவனத்தின் நீராவி எஞ்சின்கள் மறையப்போவதை அறிந்து, 1955 முதல் 1960 வரை அவற்றைப் பெரும்பாலும் இரவில் படம் பிடித்தார். மலைகள் சூழ்ந்த நாடு அது. எனினும் அவர் எஞ்சினை மட்டும் காட்டி அமையவில்லை. வீட்டு முகப்பில் அமர்ந்திருப்போர், ஆற்றில் நீராடும் சிறுவர், திறந்தவெளியில் காரிலிருந்தவாறே படக்காட்சி பார்ப்போர் ஆகியோரை முன்னிறுத்தி, அவர்களுக்குப் பின்னே வண்டி கடந்துசெல்லுமாறு அமைத்தார். பாதையோரத்து மக்களின் வாழ்வோடு பிணைந்தது புகையிரதம் என்பதே அவர் படங்கள் கூறும் செய்தி. அரை நூற்றாண்டுக்குப் பின்னும் அவை மதிக்கப்படுவதற்கு அதுவே காரணம் எனலாம்.

அந்தச் செய்தி நம் மலைநாட்டுக்கு எத்துணைப் பொருந்தும்! ஹற்றனையும் தலவாக்கலையையும் கடந்து செல்லும் இப்பாதையின் இருமருங்கும் உள்ள காட்சி இயற்கை தானே தந்ததன்று. காடழித்துக் கோப்பியும், கோப்பி நோயுற்று அழிந்தபின் தேயிலையும் நட்டவர்கள் தென்னிந்தியாவின் சிற்றூர்களிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர். முற்பட்டவர்கள் மன்னாரிலிருந்து காட்டுவழியே கால்நடையாக வந்தனர். வழியிலேயே மாண்டவர் பலர். 1914ஆம் ஆண்டில் தலைமன்னார்ப் பாதையும் தனுஷ்கோடிக் கப்பற் சேவையும் தொடங்கியபின், வருவோர் கோச்சியிலேயே மலையேறினர். தேயிலைப் பெட்டி இறங்கியதும் அதே பாதையில். மனிதர் ஏறியதும் அதே பாதையில்.

அப்பாதையிலே அவர்கள் திரும்பிச் சென்ற காலமும் வந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலாரை நாடற்றோராக்கியது. 1964ஆம் ஆண்டு அக்டோபரில் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கும், 3,00,000 பேர் இலங்கைக்கும் எனக் கணக்கிடப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேர் 1974ஆம் ஆண்டில் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பகுக்கப்பட்டனர். அதன்பின் ஆண்டுக்கணக்கில், மலைநாட்டு நிலையங்களில் குடும்பங்கள் பிரிந்தன. அண்ணன் ஏற, தம்பி மேடையில் நின்றான். மகள் ஏற, தாய் சாளரத்தைப் பற்றியவாறு வண்டியோடு சில அடி நடந்தாள். தலைமன்னாருக்குச் சென்று, கப்பலேறி, இராமேஸ்வரத்தில் இறங்கினர், ஒருநாளும் தாம் கண்டிராத தாயகத்துக்குத் திரும்பியவர்கள். 1984ஆம் ஆண்டில் போரினால் அக்கப்பற் சேவை நின்றது. அவர்களுடைய கடவுச்சீட்டுகளுக்கென ஒவ்வொரு முகமும் தனித்தனியே படம் பிடிக்கப்பட்டது. அரசுக்கு வேண்டிய அளவில், வெற்றுத் திரையின் முன்னே, மலையும் கோச்சியும் இல்லாத படம் அது. நாட்காட்டியிலோ மலையும் கோச்சியும் இருந்தன, முகம் இல்லை. ஒரே காலத்தில், ஒரே பாதையை ஒட்டி எடுக்கப்பட்ட இவ்விருவகைப் படங்களும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை என்பதே மலையக நிழற்படத்தின் பெருங்குறை.

இக்குறையை நீக்கக் கொழுந்து பறிக்கும் பெண்களைப் படத்தின் மூலையில் நிறுத்தினாற் போதுமென்று எண்ணுவோர் உளர். வண்டி வரும் வேளைக்கு அவர்களை அழைத்து, கூடையோடு நிற்கச் செய்து, புன்முறுவல் பூக்கச் சொல்கின்றனர். நாளுக்கு இத்தனை கிலோ என்று நிறுக்கப்படும் உழைப்பு அவர்களுடையது; படத்துக்காக நிற்கும் நேரம் அவர்களுடைய கூடையிற் குறையும் கொழுந்தாகும். அவர்களும் தேயிலைச் செடியைப் போல் காட்சிப் பொருளாகவே அங்கு நிற்கின்றனர். பெயர் கேட்டு, இசைவு பெற்று, எடுத்த படத்தில் ஒரு பிரதியை அவர்களுக்கே அளிப்பது குறைந்த அளவு மரியாதை. கலைஞன் சற்றே பொறுமை உடையவனாயின் நிறுத்தி வைக்கவும் தேவையில்லை. காலையில் பள்ளிச் சிறார் வண்டிக்குக் காத்திருப்பதும், பாதை பராமரிப்போர் சுத்தியலோடு சிலிப்பர் கட்டைகளைச் சோதித்துச் செல்வதும், சிவனொளிபாத யாத்திரைக் காலத்தில் ஹற்றன் மேடை மனிதரால் நிரம்புவதும், லயத்து வாயிலில் நிற்கும் கிழவர் கோச்சிச் சத்தத்தைக் கேட்டு வேளை அறிவதும் யாரும் ஏவாமல் நிகழ்பவை. எடுப்பதற்குக் கண் வேண்டும், அவ்வளவே.

மேலும், இப்படங்கள் அழகுக்கு மட்டும் உரியன அல்ல, சான்றாகவும் பயன்படுவன. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலைக்கு 1900களின் தொடக்கத்தில் அமைக்கப்பட்ட சிறுபாதை 1940களின் முடிவுக்குள் மறைந்தது; அதன் உருவை இன்று அறியப் பழைய படங்களே பெருந்துணை. தலவாக்கலைக்கு அருகே வண்டியிலிருந்து காணும் சென் கிளயர் அருவி, 2012ஆம் ஆண்டில் மேல் கொத்மலை மின்திட்டம் இயங்கத் தொடங்கியபின் பழைய பெருக்கை இழந்தது. முன்னிருந்த நிலையை முன்னெடுத்த படங்களே கூறுகின்றன. மண்சரிவோ இம்மலைகளின் நீங்காத அச்சம். 1990களின் தொடக்கத்தில் வட்டவளையில் பாதையைத் தாங்கிய சரிவே நகர்ந்தது. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டிட்வா புயல் கொணர்ந்த பெருமழை மலைப்பாதையைப் பல இடங்களில் துண்டித்தது. தோட்டக் குடியிருப்புகளையும் மண் மூடியது. ஒரு சரிவு முன்னர் எவ்வாறிருந்தது, மரம் எங்கே நின்றது, ஓடை எவ்வழி சென்றது, லயம் பாதைக்கு எத்தனை அருகில் இருந்தது என்பவற்றை அழகுக்காக எடுத்த படமொன்று பின்னாளில் பொறியியலாளருக்கும் ஊராருக்கும் காட்டவல்லது. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: படத்தோடு இடமும் நாளும் குறிக்கப்பட்டிருத்தல் வேண்டும். நாளும் இடமும் இல்லாத படம் முகவரி இல்லாத கடிதம் போன்றது.

இன்று கமரா அரிய பொருளன்று. கைபேசி வடிவில் அது தோட்டத்து இளைஞர் கைகளிலும் வந்துவிட்டது. எந்த முகிலுக்குப் பின் வெயில் வரும், எந்தத் திருப்பத்தில் வண்டி மெதுவாகும், எந்த வேளையில் மலைக்குப் பின்னே நிழல் விழும் என்பவற்றை, வந்து செல்லும் விருந்தினரைவிட அவர்களே நன்கறிவர். அவர்களுடைய பாட்டனார் எந்த நிலையத்தில் இறங்கினார், பெரியப்பா எந்த நிலையத்தில் ஏறிச் சென்றார் என்பதும் அவர்களுக்கே தெரியும். நோட்டன் பிரிட்ஜ் போன்ற ஊர்களின் இளைஞர் மலைமுதுகைக் கடந்து சென்று, பாதுகாப்பான மேட்டில் நின்று, மலையையும் கோச்சியையும் மனிதரையும் ஒரே படத்தில் அமைக்கத் தொடங்குவாராயின், நூற்றைம்பது ஆண்டுகளாகப் பிரிந்து கிடந்தவை ஒன்றுசேரும். அப்போது மலையகத்தின் படம் முழுமை பெறும்.